அம்புலிமாமாவுக்கு என்ன ஆச்சு? 13-க்கும் மேற்பட்ட மொழிகளில் வந்த பத்திரிகை நின்றது எப்படி, அதன் கதைகள் இப்போது யாருக்குச் சொந்தம்?

2017-ல் 'விக்ரம் வேதா' படம் வந்தபோது தியேட்டரில் ஒரு வேடிக்கை நடந்தது. விஜய் சேதுபதி ஒரு கதை சொல்லி, கடைசியில் ஒரு கேள்வி கேட்டு, மாதவன் பதில் சொன்னதும் நழுவிப் போகும் காட்சிகளில் 40 வயதைத் தாண்டியவர்கள் சட்டென்று சிரித்தார்கள். அவர்களுக்கு இது பழகிய விளையாட்டு. தோளில் வேதாளத்தைச் சுமந்துகொண்டு வாளோடு நடக்கும் ராஜா அவர்கள் கண்ணில் வந்து போனார். பக்கத்து சீட்டில் இருந்த பிள்ளைகளுக்கோ அது ஒரு புதுமையான திரைக்கதை. அவ்வளவுதான்.

அந்த ராஜாவை மாதாமாதம் நம் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது அம்புலிமாமா. 1947-ல் தொடங்கி, இடையில் ஒரு தடவை நின்று, மறுபடி எழுந்து, 2013 வாக்கில் சத்தமில்லாமல் அடங்கிப் போன பத்திரிகை. 'டிவி வந்தது, செல்போன் வந்தது, பசங்க படிக்கிறதை விட்டுட்டாங்க, அதனால நின்னுபோச்சு' என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி ஒரு மென்பொருள் கம்பெனி, வெளிநாட்டுக் கடன், பம்பாய் உயர் நீதிமன்றம் என்று வேறு பக்கம் போகிறது.

தொடங்கியது யார்?

இரண்டு பேர். பி. நாகி ரெட்டி, சக்ரபாணி. பெயர்கள் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 'பாதாள பைரவி', 'மிஸ்ஸியம்மா', 'மாயா பஜார்', 'எங்க வீட்டுப் பிள்ளை' படங்களின் டைட்டில் கார்டில் பார்த்திருப்பீர்கள். சென்னை வடபழனியில் விஜயா வாஹினி ஸ்டூடியோவை நடத்திய அதே ஆட்கள்தான்.

நாகி ரெட்டி கடப்பா மாவட்டத்துக்காரர். சினிமாவில் பெரிய ஆளாவதற்கு முன்பே அச்சகம் வைத்திருந்தார். பி.என்.கே. பிரஸ் என்று பெயர். சக்ரபாணி எழுத்தாளர். அது அவருடைய புனைபெயர். சொந்தப் பெயர் ஆலூரி வெங்கட சுப்பாராவ். இளம் வயதில் காசநோய் வந்து மதனப்பள்ளி சானடோரியத்தில் கிடந்த காலத்தில் வங்காளி கற்றுக்கொண்டவர். பிறகு சரத்சந்திரரின் நாவல்களைத் தெலுங்குக்குக் கொண்டுவந்தார்.

ஒருவரிடம் மெஷின் இருந்தது, இன்னொருவரிடம் கதை இருந்தது. 1947 ஜூலையில், நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்க ஒரு மாதம் இருக்கும்போது, தெலுங்கில் 'சந்தமாமா'வும் தமிழில் 'அம்புலிமாமா'வும் சேர்ந்தே வெளிவந்தன. தமிழ் பதிப்பு என்பது பிற்பாடு போனால் போகிறது என்று சேர்த்ததல்ல. முதல் மாதத்திலிருந்தே இருந்தது.

சினிமாக்காரர்கள் நடத்திய பத்திரிகை என்பதை மறந்துவிடக் கூடாது. 1951-ல் வந்த 'பாதாள பைரவி'யில் மந்திரவாதி, குகை, இளவரசி, தைரியசாலியான ஏழைப் பையன் எல்லாம் உண்டு. அம்புலிமாமாவின் எந்த இதழைப் புரட்டினாலும் இதே ஆட்கள் இருப்பார்கள். ஒரே காம்பவுண்டுக் கற்பனை. ஒரு பக்கம் படமாக ஓடியது, இன்னொரு பக்கம் அச்சாக வந்தது.

எல்லா ஊரிலும் நிலா மாமாதானா?

கிட்டத்தட்ட ஆமாம். சோறு ஊட்டும் அம்மா நிலாவைக் காட்டி மாமா என்று சொல்வது தமிழ்நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. தெலுங்கிலும் இந்தியிலும் சந்தமாமா, ஒடியாவில் ஜன்ஹமாமூ. மலையாளத்தில் அம்பிளி அம்மாவன். மராத்தியில் மட்டும் செல்லமாக சாந்தோபா. பத்திரிகையின் பெயரை மொழிக்கு மொழி புதிதாக யோசிக்கும் வேலையே இல்லை. அங்கங்கே தாய்மார்கள் ஏற்கெனவே வைத்திருந்தார்கள்.

1948-ல் கன்னடம், 1949-ல் இந்தி, 1950-களில் மராத்தி, மலையாளம், குஜராத்தி, ஆங்கிலம், ஒடியா என்று போனது. 1970-களில் வங்காளி, பஞ்சாபி, அசாமி சேர்ந்தன. இலங்கை வாசகர்களுக்காகச் சிங்களத்திலும் கொஞ்ச காலம் வந்தது. 1984-ல் சமஸ்கிருதம். 2004-ல் சந்தாலி, அதாவது ஒரு பழங்குடி மொழியிலும். எல்லா மொழியும் எல்லா வருஷமும் ஓடவில்லை. சிலது நின்றது, சிலது திரும்ப வந்தது.

இத்தனை மொழிக்கும் அடுப்படி ஒன்றுதான்: வடபழனி, ஆற்காடு சாலை. கதை பெரும்பாலும் தெலுங்கில் எழுதப்படும். ஓவியர் படம் போடுவார். பிறகு மொழிபெயர்ப்பாளர்கள் ஒவ்வொரு மொழியிலும் எழுதுவார்கள். படம் எல்லாப் பதிப்புக்கும் ஒன்றே; எழுத்து மட்டும் மாறும். பல வண்ண அச்சு என்பது அந்தக் காலத்தில் பெரிய செலவு. ஒரே படத்தைப் பத்து மொழிக்குப் பயன்படுத்தினால்தான் அந்தச் செலவைப் பத்தாகப் பங்கு போட முடியும். குழந்தைப் பத்திரிகை ஒன்று பளபளவென்று வண்ணத்தில், நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் வந்ததன் கணக்கு இதுதான்.

இதனால் இன்னொன்றும் நடந்தது. கும்பகோணத்துப் பையனும் கட்டாக்கில் ஒரு பெண்ணும் ஒரே அரக்கனின் முகத்தைப் பார்த்துத்தான் பயந்தார்கள். மொழி தெரியாத இரண்டு பேர் இன்றைக்கும் ஒரு பழைய இதழைப் பார்த்ததும் 'ஐயோ இது எங்க வீட்லயும் இருந்துச்சு' என்று சொல்வதற்குக் காரணம் கதையைவிட அந்தப் படங்கள்தான்.

எழுதியவர் பெயர் ஏன் தெரியவில்லை?

பழைய இதழ் கையில் கிடைத்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். பல கதைகளுக்கு மேலேயும் கீழேயும் எழுதியவர் பெயர் இருக்காது. ஆசிரியர் என்ற இடத்தில் சக்ரபாணி. அவ்வளவுதான்.

உண்மையில் 1952-லிருந்து 1980-ல் இறக்கும் வரை பத்திரிகையைத் தன் பேனாவில் வைத்திருந்தவர் கொடவடிகண்டி குடும்ப ராவ். தெலுங்கு இலக்கியத்தில் மிகப் பெரிய பெயர். நாவல், சிறுகதை, கட்டுரை, அறிவியல் என்று எழுதிக் குவித்தவர். இடதுசாரி. 1970-ல் ஆந்திராவில் புரட்சிகர எழுத்தாளர் சங்கம் தொடங்கியபோது அதில் முன்வரிசையில் இருந்தவர்.

யோசித்துப் பாருங்கள். ராஜா, மந்திரி, ஜமீன்தார், பூதம், சாமியார் வரம் என்று போகும் ஒரு பத்திரிகையை சுமார் 28 ஆண்டுகள் திருத்திச் செப்பனிட்டவர் ஒரு மார்க்சிய எழுத்தாளர்! இதில் முரண்பாடு இருப்பதாகத் தோன்றலாம். ஆனால் அம்புலிமாமா கதைகளைக் கொஞ்சம் கவனித்தால் ஒன்று புரியும். அதில் ராஜா முட்டாளாக இருப்பது சகஜம். கஞ்சன் பணக்காரன் கடைசியில் அசடு வழிவான். ஏழைக் குடியானவன் யோசித்துப் பேசுவான். மந்திரம் கை கொடுக்காத இடத்தில் புத்தி கை கொடுக்கும். பூதம்கூடப் பேச்சுவார்த்தைக்கு ஒத்துவரும்.

நடையும் அப்படித்தான். சின்ன வாக்கியம், தெரிந்த சொல், வளவள இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய குழந்தை தானாகவே ஒரு பக்கத்தை முடிக்க வேண்டும் என்பதுதான் அளவுகோல். தாத்தா பாட்டிகளும் அதே இதழுக்காகச் சண்டை போட்டார்கள் என்றால் அது இந்த நடையால்தான்.

குறை இல்லாமல் இல்லை. அம்புலிமாமா உலகத்தில் பஸ் கிடையாது, தொழிற்சாலை கிடையாது, ஆபீஸுக்குப் போகும் அம்மா கிடையாது. பெண்கள் பெரும்பாலும் இளவரசிகள், இல்லாவிட்டால் கொடுமைக்கார மாமியார்கள். புத்திசாலி மருமகள் அவ்வப்போது வந்து மானத்தைக் காப்பாற்றுவாள். சுதந்திர இந்தியா அணை கட்டிக்கொண்டிருந்த காலத்தில் இந்தப் பத்திரிகை மட்டும் பெயர் தெரியாத ஒரு ராஜ்யத்தில் நின்றுகொண்டிருந்தது. அதுதான் அதன் பலம். பிற்பாடு அதுவே பலவீனமும் ஆனது.

தொடர்கதைகளின் கதையும் இதே மாதிரிதான். மந்திரவாதிகளும் தீவுகளும் பாதாளக் கோட்டைகளும் நிறைந்த அந்தத் தொடர்களுக்காக அடுத்த மாதம் வரை காத்திருந்த தலைமுறை ஒன்று உண்டு. அவற்றில் பலவற்றை எழுதியவர் தாசரி சுப்ரமணியம். 1952-ல் வேலைக்குச் சேர்ந்தவர், 2006 வரை அங்கேயே இருந்தார். அரை நூற்றாண்டுக்கும் மேல்! தொடரில் அவர் பெயர் வராது. லட்சக்கணக்கான குழந்தைகள் அவர் எழுதியதைப் படித்தார்கள். அவர் யார் என்று தெரியாமலே பெரியவர்களாகிவிட்டார்கள்.

இந்தப் 'பெயர் போடாத' வழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் கதைகள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வரும்போது இது தேவைப்படும்.

வேதாளம் ஏன் திரும்பத் திரும்ப மரம் ஏறியது?

விக்கிரமாதித்தன், வேதாளம் கதை அம்புலிமாமா கண்டுபிடித்ததல்ல. சமஸ்கிருதத்தில் 'வேதாள பஞ்சவிம்சதி' என்று 25 கதைகளாக இருக்கிறது. 11-ம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் எழுதிய 'கதாசரித்சாகர'த்துக்குள்ளும் வருகிறது. ஒரு துறவி கேட்டுக்கொண்டதற்காக மரத்தில் தொங்கும் பிணத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு வருகிறான் ராஜா. பிணத்துக்குள் வேதாளம். வழியில் பேசக் கூடாது. வேதாளம் ஒரு கதை சொல்லிக் கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னாலோ மௌனம் கலைந்ததால் வேதாளம் மரத்துக்கே திரும்பிவிடும்.

சமஸ்கிருதத்தில் அந்த மரம் சிம்சபா, அதாவது ஒரு வகை ஈட்டி மரம். தமிழில்தான் முருங்கை. 'வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிடுச்சு' என்று ஒரு பழமொழியே நம்மிடம் இருக்கிறது.

மூலத்தில் 25-வது கதையோடு ஆட்டம் முடிந்துவிடும். கடைசிக் கேள்விக்கு ராஜாவுக்கு விடை தெரியாது, அதனால் வாய் திறக்க மாட்டான். அங்கேதான் வேதாளம் மனமிரங்கி, அந்தத் துறவி உன்னைக் கொல்லத்தான் இதெல்லாம் செய்கிறான் என்று எச்சரிக்கும்.

மாதப் பத்திரிகைக்கு இந்த முடிவு உதவாது. ஆகவே அம்புலிமாமா செய்தது எளிமையான, ஆனால் கெட்டிக்காரத்தனமான ஒரு காரியம். சட்டகத்தை அப்படியே வைத்துக்கொண்டது. உள்ளே புதிது புதிதாகக் கதை எழுதிப் போட்டது. 25 கதைகள் நூற்றுக்கணக்காகின. ஒவ்வொரு மாதமும் அதே மாதிரித் தொடக்கம், அதே மாதிரி முடிவு. வாசகர்களுக்கு இரண்டும் மனப்பாடம். நடுவில் இருப்பது மட்டும் புதுசு. ராஜாவுக்கு எப்போதும் பதில் தெரிந்தே ஆகணும். ஒரே ஒரு மாதம் அவன் தெரியாது என்று சும்மா இருந்தால் தொடர் முடிந்து போகும்.

அந்தக் கேள்விகளைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், அவை லேசானவை அல்ல. மூன்று பேர் தியாகம் செய்திருக்கிறார்கள், யாருடையது பெரிது? இந்தத் தண்டனை நியாயமா? இவன் செய்தது பெருந்தன்மையா, கோழைத்தனமா? எட்டு வயதுப் பிள்ளையிடம் தீர்ப்புச் சொல்லச் சொன்ன பத்திரிகை அது. பக்கத்தைத் திருப்புவதற்கு முன் கையால் பதிலை மறைத்துக்கொண்டு யோசித்த பிள்ளைகள் அதற்கு இருந்தார்கள்.

அந்தப் படத்தைப் போட்டது யார்?

கே.சி. சிவசங்கரன். படத்தின் மூலையில் 'சங்கர்' என்று இருக்கும். எழுத்தாளர்களுக்குப் பெயர் இல்லை. ஓவியர்களுக்கு மட்டும் கையெழுத்தாவது இருந்தது.

தாராபுரம் பக்கத்துக் கிராமத்தில் 1924-ல் பிறந்தவர். சென்னை முத்தியால்பேட்டை பள்ளியில் படித்துவிட்டு, எழும்பூர் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது அங்கே முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. ஆம், மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். படிப்பு முடிந்து கலைமகளில் வேலை பார்த்த சங்கர், 1952-ல் அம்புலிமாமாவுக்கு வந்தார். பத்திரிகை நிற்கும் வரை அதற்குப் படம் போட்டுக்கொண்டே இருந்தார். அப்போது அவருக்கு 90-ஐ நெருங்கிய வயது.

ஒரு கையில் வாள். தோளில் தொங்கும் உடல். சுற்றிலும் சுடுகாடு, மண்டை ஓடு, பட்ட மரம். ராஜாவின் முகத்தில் மட்டும் பயம் இல்லை. இந்த ஒரு படத்தை வைத்தே ஒரு தலைமுறை விக்கிரமாதித்தனை மனசில் வரைந்துகொண்டது. 1985-ல் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் 'விக்ரம் அவுர் பேதாள்' வந்தபோது பல வீடுகளில் குழந்தைகள் டிவியில் தேடியது, சங்கர் போட்ட அந்த ராஜாவைத்தான்.

அவர் தனியாள் இல்லை. மகாபாரதக் காட்சிகளை அட்டையில் தீட்டிய எம்.டி.வி. ஆச்சாரியா, ஆரம்ப காலத்திலிருந்தே தொடர்கதைகளுக்குப் படம் போட்ட 'சித்ரா', 'வபா' என்று கையெழுத்துப் போட்ட வட்டாதி பாப்பையா என்று ஒரு குழுவே இருந்தது. வபாவின் அட்டைப் படங்களைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டியவர்கள் எத்தனையோ பேர். அதனால்தான் இன்று பழைய இதழ்கள் பல அட்டை இல்லாமல் கிடைக்கின்றன!

சங்கர் 2020 செப்டம்பர் 29-ல் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

அப்படியென்றால் டிவிதான் கொன்றதா?

டிவிக்குப் பங்கு உண்டு. 1990-களில் கேபிள் வந்ததும் எல்லாக் குழந்தைப் பத்திரிகைகளும் அடி வாங்கின. ரத்னபாலா, பாலமித்ரா என்று கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கிய வரிசை மெல்ல மெல்லக் காலியானது. ஆனால் அம்புலிமாமா முதல் தடவை நின்றதற்குக் காரணம் வாசகர்கள் இல்லாமல் போனதல்ல. 1998-ல் தொழிலாளர் பிரச்சினையால் அச்சு நின்றது. ஓராண்டு இடைவெளிக்குப் பிறகு, வெளியிலிருந்து முதலீடு வந்து, நாகி ரெட்டியின் மகன் விஸ்வநாத ரெட்டி பொறுப்பில் மறுபடி வெளிவந்தது.

திரும்பி வந்தபோது உலகம் மாறியிருந்தது. சக்ரபாணி 1975-லேயே போய்விட்டார், குடும்ப ராவ் 1980-ல். நாகி ரெட்டி 2004-ல் காலமானார். பத்திரிகை ஒரு குடும்பத்தின் பிடிவாதத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பிடிவாதக்காரர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துபோனார்கள்.

2007-ல் மும்பையைச் சேர்ந்த ஜியோடெசிக் என்ற மென்பொருள் நிறுவனம் அம்புலிமாமாவை வாங்கியது. அப்போது இது நல்ல செய்தியாகத்தான் தெரிந்தது. பணம் வருகிறது, தொழில்நுட்பம் வருகிறது. 2008-ல் 60 ஆண்டு நிறைவுச் சிறப்பு மலரை அமிதாப் பச்சன் வெளியிட்டார். பத்திரிகையின் அளவும் தோற்றமும் மாறின. புராணத்தோடு அறிவியல், விளையாட்டு, இன்றைய பள்ளிக்கூடக் கதைகளும் சேர்ந்தன. பழைய வாசகர்களுக்கு இது பிடிக்கவில்லை. புதிய பிள்ளைகள் அதற்குள் வேறு பக்கம் போயிருந்தார்கள்.

ஒரு நல்ல காரியமும் நடந்தது. பல மொழிகளின் பழைய இதழ்களை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டார்கள். 1950-களின் இதழை ராத்திரி 11 மணிக்கு மொபைலில் படிக்க முடிந்தது. வெளிநாட்டில் இருந்த தமிழர்களும் தெலுங்கர்களும் அதைக் கொண்டாடினார்கள்.

பிறகுதான் அடி விழுந்தது. பத்திரிகைக்கு அல்ல, வாங்கிய கம்பெனிக்கு. வெளிநாட்டு முதலீட்டாளர்களிடம் கடன் பத்திரம் மூலம் வாங்கிய பணத்தை 2013-ல் ஜியோடெசிக்கால் திருப்பித் தர முடியவில்லை. விவகாரம் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கம்பெனி மேல் சட்டவிரோதப் பணப்பரிமாற்ற வழக்கும் வந்தது. அந்தக் காலகட்டத்தில்தான் அம்புலிமாமா அச்சிடுவதும் நின்றது. கடைசி இதழ் என்று அறிவித்து, வாசகர்களிடம் விடைபெற்று முடிக்கவில்லை. அடுத்த மாதம் வரவில்லை, அதற்கடுத்த மாதமும் வரவில்லை. 2016-ல் இணையதளத்தின் முகவரியையே யாரும் புதுப்பிக்கவில்லை. அதோடு ஸ்கேன் செய்த இதழ்களும் அந்த இடத்திலிருந்து காணாமல் போயின.

ஒரு குழந்தைப் பத்திரிகையை லாபமில்லை என்று மூடினால் அதில் ஒரு கணக்காவது இருக்கும். இங்கே நடந்தது வேறு. கடனில் மூழ்கிய ஒரு வீட்டில் குடியிருந்த குற்றத்துக்காக அதுவும் ஜப்தியில் போனது. இதே காலத்தில் கோகுலம் 2019 வரை தாக்குப்பிடித்தது என்பதை நினைத்தால், அம்புலிமாமாவுக்கும் இன்னும் சில ஆண்டுகள் இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

இப்போது கதைகள் யாருக்குச் சொந்தம்?

2019 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம், பத்திரிகையின் அறிவுசார் சொத்துரிமையை விற்க உத்தரவிட்டது. அதாவது விக்கிரமாதித்தனும் வேதாளமும் கடன்காரர்களுக்குப் பணம் கொடுப்பதற்காக விற்பனைக்கு வந்தார்கள்.

இங்கே மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்கணும்.

முதலில் பெயர். 'சந்தமாமா', 'அம்புலிமாமா' என்ற பெயரும் சின்னமும் டிரேட்மார்க். வாங்கியவர் கையில் அது இருக்கும் வரை வேறு யாரும் அந்தப் பெயரில் பத்திரிகை நடத்த முடியாது. நிலாவை மாமா என்று கூப்பிடுவதை மட்டும் எந்த நீதிமன்றமும் தடுக்காது.

அடுத்தது கதைகள். பஞ்சதந்திரம், ஜாதகக் கதை, மகாபாரதம், அந்த 25 வேதாளக் கதைகள், இவற்றின் மூலம் யாருடைய சொத்தும் இல்லை. ஆனால் அம்புலிமாமா அதைச் சொன்ன விதத்துக்கு, அந்த வாக்கியங்களுக்குக் காப்புரிமை உண்டு. இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் அது நீடிக்கும். பெயர் போடாமல் வந்த படைப்பு என்றால் கணக்கே வேறு. அது முதலில் வெளியான மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்தான். அதற்குள் எழுதியவர் யாரென்று வெளியே தெரிந்துவிட்டால், பழையபடி அவர் இறந்ததிலிருந்து எண்ண வேண்டும்.

இதை அம்புலிமாமாவுக்குப் பொருத்திப் பாருங்கள். 1950-களில் பெயரில்லாமல் வெளிவந்த ஒரு கதை, அதை எழுதியது யார் என்று கடைசி வரை தெரியவே இல்லை என்றால், இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றாகிறது. அதே இதழின் அடுத்த பக்கத்தில் இருக்கும் கதை குடும்ப ராவ் எழுதியது என்று உரிய காலத்துக்குள் தெரிந்திருந்தால், அதற்கு 2040 முடியும் வரை காப்புரிமை. தமிழ் மொழிபெயர்ப்புக்குத் தனிக் காப்புரிமை, தனிக் கணக்கு. தன் பெயரைக் கேட்காமல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாரே அந்த முகம் தெரியாத எழுத்தாளர், அவருடைய கதைதான் முதலில் விடுதலை ஆகிறது!

ஆனால் எது யாருடையது என்று சொல்லும் பதிவேடு வாசகர்கள் கையில் இல்லை. அதனால் பழைய கதைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட நினைக்கும் எந்தப் பதிப்பாளரும் கொஞ்சம் தயங்கத்தான் செய்வார்.

மூன்றாவது, படங்கள். அதைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒரு நடைமுறைக் கேள்வி.

இன்று அம்புலிமாமா படிக்க வழி இருக்கிறதா?

கடையில் புது இதழ் இல்லை. சென்னையில் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைகள் மாதிரி பழைய புத்தகம் விற்கும் இடங்களில் அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும். பன்னிரண்டு இதழ்களைச் சேர்த்துத் தைத்து பைண்டு செய்த தொகுப்பு என்றால் விலை அதிகம். அந்தக் காலத்து வீடுகளில் கோடை விடுமுறை வேலைகளில் ஒன்று இந்த பைண்டிங். மாமா வீட்டுப் பரணில் இன்னும் இருக்கலாம். தேடிப் பார்ப்பதில் தப்பில்லை. கரையான் முந்திக்கொள்ளும் முன்.

இணையத்திலும் ஸ்கேன் பிரதிகள் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. முன்பு தளத்தில் இருந்தபோது வாசகர்கள் இறக்கிச் சேமித்தவையும் அதில் உண்டு. உரிமையாளர் கைவிட்டதை வாசகர்கள் காப்பாற்றினார்கள். சட்டத்தின் கண்ணில் அதில் பல இன்னும் காப்புரிமைக்குள் இருப்பவை என்பதையும் சொல்லணும்.

பரணில் ஒரு பிரதி கிடைத்தால் கடைசிப் பக்கங்களைத் தவறவிடாதீர்கள். இரண்டு போட்டோவைப் போட்டு, இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஜோடித் தலைப்பு எழுதி அனுப்பச் சொல்லும் போட்டி இருக்கும். தபால் கார்டில் எழுதி அனுப்பணும். ஜெயித்தவர் பெயரும் ஊரும் இதழில் வரும். கதை எழுதியவர்களுக்குக் கிடைக்காத பெயர், தலைப்பு எழுதிய பிள்ளைக்குக் கிடைத்தது. எங்கோ ஒரு கிராமத்துப் பள்ளியில் அந்த மாதம் முழுக்க அவன்தான் ஹீரோ.

இனி படங்கள். ஓவியத்துக்கும் அதே 60 ஆண்டுக் கணக்குதான். ஆனால் சங்கர் கையெழுத்துப் போட்டவர், எனவே 'பெயரில்லாதது' என்ற சலுகை இங்கே செல்லாது. அவர் இறந்தது 2020. ஆக, வாளோடு வேதாளத்தைச் சுமந்து நடக்கும் அந்த ராஜா, யார் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், 2080 டிசம்பர் 31 வரை யாரோ ஒருவரின் சொத்து. 2081 ஜனவரி 1 முதல்தான் எல்லோருக்கும் பொது. இன்றைக்கு ஐந்து வயதாகும் குழந்தைக்கு அன்று 60 வயதைத் தொட்டிருக்கும்.